செய்தி செலுத்தலும் காத்திருத்தலும்

விரைந்து செல்லவல்ல வாகனத்தை உடைமையாகக் கொண்டிருப்பது வேறு. விரைந்து சென்றடைவது வேறு. வழியில் எத்தனை இடங்களில் நின்று அனுமதி பெறவேண்டியுள்ளது என்பதே பயணத்தின் காலத்தைப் பெரும்பாலும் நிருணயிக்கின்றது. கணினிகள் தம்முள்ளே செய்தி பரிமாறுவதற்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு வலையமைப்பின் வேகம் குன்றியவிடத்து நாம் முதலிற் பழி கூறுவது கருவியையே. விலையுயர்ந்த புதிய கருவி வாங்கினால் வேகம் பெருகும் என்று எண்ணுகின்றோம். ஆயினும் பலவேளைகளிற் குறைபாடு கருவியில் இருப்பதில்லை. எப்பொழுது அனுப்புவது, எப்பொழுது காத்திருப்பது என அக்கருவிக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கிலேயே அது மறைந்து கிடக்கின்றது. அவ்வொழுங்கை ஆராய்ந்து திருத்தியமையால், மலிவான கருவிகளைக் கொண்டே பெரும்பயன் விளைத்த வரலாறு ஒன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் நிகழ்ந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலுத்தி என்பது யாது?

கணினியோடு விசைப்பலகை, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை முதலாகப் பல கருவிகள் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உற்பத்தியாளரால் ஒவ்வொரு விதமாக ஆக்கப்பட்டது. இவை யாவற்றின் இயல்பையும் கணினியின் தலைமை மென்பொருளாகிய பணிசெயல் முறைமை அறிந்திருத்தல் இயலாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடையாள் வேண்டப்படுகின்றான். முற்காலத்துப் பெருந்தோட்டங்களிலே துரையின் கட்டளையைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து, வேலை முடிந்ததும் முடியாததும் துரைக்கு அறிவித்த கங்காணியை நம்மவர் நன்கறிவர். கணினியினுள் அத்தகைய பணியைச் செய்யும் சிறு மென்பொருளையே சாதனச் செலுத்தி என்கின்றோம்.

வலையமைப்பு அட்டைக்குரிய செலுத்தியின் கடமைகள் பல. நாம் அனுப்பும் கடிதமோ படமோ முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றது. ஒரு பொதி பொதுவாக 1500 பைற்று அளவினது. செலுத்தியானது இப்பொதிகளை ஏற்று, வரிசையில் நிறுத்தி, அட்டையிடம் ஒப்படைக்கின்றது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என அறிகின்றது. சேராதவிடத்து மீளவும் அனுப்ப ஏற்பாடு செய்கின்றது. இவற்றுட் சில அட்டையின் மின்சுற்றிலேயே நிகழ்வனவாயினும், எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை முறை முயல்வது என்னும் அளவுகளை விதிப்பது செலுத்தியே.

தேனியில் எழுந்த தேவை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களால் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்றது. பின்னர் அது பல நகரங்களிலே கிளைத்தது. அவற்றுள் ஒன்று தேனியிலுள்ள மருத்துவமனை. சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழும் வறியவர் கண்ணோய் உற்றபோது மருத்துவமனைக்கு வருவதென்றால் ஒரு நாட் கூலியை இழக்கவேண்டும். துணைக்கு வருபவரும் தம் கூலியை இழப்பர். இதனால் நோய் முற்றும்வரை வாளாவிருப்பவர் பலர். இக்குறையைப் போக்குவதற்காகச் சிற்றூர்களிலே பார்வை மையங்கள் நிறுவப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலுள்ள மருத்துவர் கணினித் திரையில் நோயாளியை நேரே கண்டு உரையாடி, செய்யவேண்டியதைச் சொல்வார். சத்திரசிகிச்சை வேண்டியவர் மாத்திரமே பயணம் செய்தாற் போதும்.

இத்திட்டத்துக்குத் தெளிவான உருவத்தையும் குரலையும் இருபுறமும் இடையறாது கொண்டுசெல்லும் இணைப்பு வேண்டும். சிற்றூர்களுக்கு அந்நாளில் அத்தகைய தந்தி வழி இல்லை. செய்மதி இணைப்போ பெருஞ்செலவுடையது. அமெரிக்காவின் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் புறூவர் என்னும் பேராசிரியரைத் தலைவராகக் கொண்ட ஆய்வுக் குழுவினர், அரவிந்த் மருத்துவமனையோடு இணைந்து வேறொரு வழியை நாடினர். வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் வைபைக் கருவியையே, ஒரு திசையில் மட்டும் அலைகளைக் குவிக்கும் அன்டனாவுடன் கோபுரங்களில் ஏற்றிப் பல கிலோமீற்றர் தூரம் செலுத்துவது என்பதே அவ்வழி. 2006ஆம் ஆண்டளவில் ஆண்டிபட்டி உள்ளிட்ட ஐந்து பார்வை மையங்கள் தேனியோடு இவ்வாறு இணைக்கப்பட்டிருந்தன. இணைப்புக்களின் நீளம் 1 கிலோமீற்றர் முதல் 15 கிலோமீற்றர் வரை இருந்தது. கோபுரம் எழுப்ப இயலாதவிடங்களில் வீட்டுக் கூரைகளும், ஆலையொன்றின் புகைபோக்கியுங்கூடக் கருவியைத் தாங்கின.

வானொலி அலை தடையின்றிச் சென்றது. கருவியும் மலிவாகக் கிடைத்தது. ஆயினும் பொதிகள் மிகுதியாக அழிந்தன. வேகம் எதிர்பார்த்த அளவிற்கு எட்டவில்லை. காரணம் யாது?

மூன்று இடையூறுகள்

வைபைக்குரிய 802.11 என்னும் தரவிதி முதன்முதல் 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்விதியை வகுத்தோர் ஓர் அறையிலோ ஒரு கட்டடத்திலோ இருக்கும் கணினிகளையே மனத்திற் கொண்டனர். நூறு மீற்றர் தூரத்துக்குப் பொருந்தும் விதி, பதினையாயிரம் மீற்றர் தூரத்துக்குப் பொருந்தாமற்போவதில் வியப்பில்லை. விளைந்த இடையூறுகள் மூன்று.

முதலாவது, ஒவ்வொரு பொதிக்கும் பதில் வேண்டி நிற்றல். பதிவுத் தபாலில் ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டு, அது கிடைத்தமைக்குச் சான்றான கையொப்பச் சீட்டுத் திரும்பி வரும்வரை அடுத்த கடிதத்தை எழுதாதிருக்கும் ஒருவரைக் கருதுக. பக்கத்துத் தெருவிலுள்ளார்க்கு எழுதுவதாயின் இதனால் இழப்பு அதிகமில்லை. கடல்கடந்த நாட்டிலுள்ளார்க்காயின் ஆண்டுக்கு ஒருசில கடிதங்களே செல்லும். வைபையின் வழமையும் இதுவே.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒளியும் வானொலி அலையும் ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், 300 மீற்றர் செல்லும். 15 கிலோமீற்றர் செல்ல 50 மைக்ரோ விநாடி. பதில் திரும்ப மேலும் 50. ஆக வெறுமனே காத்திருக்கும் நேரம் 100 மைக்ரோ விநாடி. 1500 பைற்று என்பது 12,000 பிற்று. விநாடிக்கு 11 மெகாபிற்று வேகத்தில் அப்பொதியை அனுப்ப ஏறத்தாழ 1091 மைக்ரோ விநாடி செல்லும். அதனோடு ஒப்பிட 100 என்பது சிறிதே. விநாடிக்கு 54 மெகாபிற்று வேகமுள்ள கருவியை வாங்கிப் பொருத்தினால் அதே பொதி 222 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். ஆயின் காத்திருக்கும் 100 மாறுவதில்லை. மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகின்றது. தூரம் 100 கிலோமீற்றரானால் காத்திருத்தல் 667 மைக்ரோ விநாடி ஆகும். நாலில் மூன்று பங்கு வீண். கருவியின் வேகம் கூடுந்தோறும் காத்திருத்தலால் வரும் இழப்பின் விகிதமும் கூடுகின்றது என்பது இதனாற் பெறப்படும். வேகமான கருவியை வாங்குவதொன்றே பரிகாரமாகாது என்று தொடக்கத்திற் கூறியதன் காரணம் இதுவே.

இதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. பதில் வருவதற்குக் கருவி விதித்துள்ள தவணை சில பத்து மைக்ரோ விநாடிகளாக இருந்தால், தூரத்திலிருந்து வரும் பதில் தவணை கடந்தே வந்து சேரும். பொதி நலமே சேர்ந்திருந்தும், அது தொலைந்ததாகக் கருதி அனுப்புநர் மீண்டும் மீண்டும் அதனையே அனுப்பிக்கொண்டிருப்பர்.

இரண்டாவது, கேட்டபின் பேசுதல் என்னும் விதி. 1971ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் நோர்மன் ஏபிரம்சன் தொடக்கிய அலோகா வலையமைப்பில், அனுப்ப விரும்பியவர் உடனே அனுப்புவர். இருவர் பொதிகள் மோதி அழிந்தாற் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புவர். பின்வந்த முறைகள் இதனைச் செப்பஞ்செய்து, வேறெவரும் பேசவில்லை என்று செவிமடுத்து அறிந்தபின்னரே அனுப்பவேண்டும் என விதித்தன. வைபையும் அவ்வழியினதே. ஒரே அறையில் இருப்போர்க்கு இது நல்விதி. ஆயின் 15 கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவர் பேசத் தொடங்கியது இங்கே கேட்பதற்கு 50 மைக்ரோ விநாடி செல்கின்றது. அதற்குள் இவர் "அமைதியாகவே உள்ளது" என்று எண்ணித் தாமும் தொடங்கிவிடுவார். காத்து உதவவேண்டிய விதியே மோதலுக்கு வழிகோலுகின்றது.

மூன்றாவது, ஒரே கோபுரத்தில் அருகருகே உள்ள அன்டனாக்கள் ஒன்றுக்கொன்று இடையூறாதல். தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்புக்களை நடத்தியுள்ள ஆசிரியர் இதனை எளிதில் உணர்வர். ஒரு வகுப்பு வாய்ப்பாட்டை உரத்த குரலிற் சொல்லும்போது, அடுத்த வகுப்பில் ஒரு சிறுவன் மெல்லச் சொல்லும் விடை ஆசிரியர் செவியில் விழுவதில்லை. அவ்வாறே ஓர் அன்டனா அனுப்பும் பேரொலியில், தொலைவிலிருந்து மெலிந்து வரும் அலையை மற்ற அன்டனாவாற் பிரித்தறிய முடிவதில்லை.

கண்ட பரிகாரம்

பேர்க்கிலிக் குழுவினர் இவ்விடையூறுகளை அளந்து ஆராய்ந்து, தாம் கண்ட தீர்வை 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரையாக வெளியிட்டனர். அம்முறைமைக்கு அவர்கள் இட்ட பெயர் வைல்ட்நெற் என்பதாகும். ரபின் பட்ரா, செர்ஜியு நெடெவ்ஷி, சொனேஷ் சுரானா, அன்மோல் ஷேத், இலட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் புறூவர் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். கருவியை அவர்கள் மாற்றவில்லை. சந்தையிற் கிடைத்த அதெரோஸ் வகை அட்டையையே வைத்துக்கொண்டு, அதற்கு வழங்கிய மட்வைபை என்னும் செலுத்தியின் விதிகளைத் திருத்தி, அதன்மேல் வேறொரு மென்பொருள் அடுக்கை அமைத்தனர்.

முதற்கண், ஒவ்வொரு பொதிக்கும் பதில் கேட்கும் வழக்கத்தைச் செலுத்தியில் நிறுத்தினர். கேட்டபின் பேசும் விதியையும் நீக்கினர். அவற்றுக்கு ஈடாக முறைவைத்துப் பேசும் ஒழுங்கை ஏற்படுத்தினர். மண்சரிவினால் ஒருபுறம் அடைபட்ட மலைப்பாதையைக் கடந்தவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இருமுனையிலும் கொடியுடன் ஒருவர் நிற்பார். ஒருபுறத்து வாகனங்கள் வரிசையாகச் சென்று முடிந்ததும் மறுபுறத்து வரிசை வரும். ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியே கொடி மாற்றினால் நாள் முழுவதும் கடந்தாலும் வரிசை குறையாது. அவ்வாறே இருமுனைக் கணினிகளும் நேரத்தைத் துண்டுகளாகப் பகுத்து, ஒரு துண்டில் ஒன்று அனுப்ப மற்றது கேட்கும். அடுத்த துண்டில் முறை மாறும். ஒரு துண்டு 20 மில்லி விநாடி எனக் கொண்டால், 11 மெகாபிற்று வேகத்தில் அதற்குள் ஏறத்தாழ 18 பொதிகளைத் தொடர்ந்து அனுப்பலாம். பதினெட்டு முறை காத்திருந்த இடத்தில் இப்போது ஒருமுறை காத்திருந்தாற் போதும். எவை வந்தன, எவை வரவில்லை என்பதை மறுமுனை தன் முறையில் ஒரே பட்டியலாகத் தெரிவிக்கும். வராதவற்றை மட்டும் மீண்டும் அனுப்பினாற் போதுமானது.

ஒரே கோபுரத்து இடையூற்றுக்கும் இவ்வொழுங்கே மருந்தாயிற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பாஸ்கரன் இராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. ஒரு கோபுரத்திலுள்ள அன்டனாக்கள் யாவும் ஒரே வேளையில் அனுப்பவேண்டும். அன்றேல் யாவும் ஒரே வேளையிற் கேட்கவேண்டும் என்பதே அவர்கள் கண்ட நெறி. மேற்கூறிய மண்டபத்து ஆசிரியர் இருவரும் இரண்டு வகுப்புக்களையும் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்ல வைத்து, ஒரே நேரத்தில் விடை கேட்கத் தொடங்கினால் இடையூறு நீங்குவதை ஒப்பது இது.

இவ்வளவு செய்தும், அயலிலுள்ள பிற வைபைக் கருவிகளாற் சில பொதிகள் அழிவதைத் தடுத்தல் இயலாது. இதற்கென அவர்கள் மிகைப்பொதி சேர்க்கும் உத்தியையும் கையாண்டனர். அதன் தத்துவம் எளியது. 7, 5, 4 என்னும் மூன்று எண்களை அனுப்பும்போது அவற்றின் கூட்டுத்தொகையாகிய 16ஐயும் உடன் அனுப்புவதாகக் கொள்க. வழியில் 5 தொலைந்துவிட்டாலும், 16இலிருந்து 7ஐயும் 4ஐயும் கழித்து அதனை மீட்டுக்கொள்ளலாம்; மீண்டும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நேரம் சேமிக்கப்படுகின்றது, ஆனால் எதுவும் தொலையாதபோது அம்மிகை வீண்சுமையாகின்றது. ஆகவே இழப்பின் அளவை நோக்கி மிகையின் அளவையும் மாற்றிக்கொள்ளும் வகையில் அவர்கள் அதனை அமைத்தனர்.

பயன் யாது? வழமையான வைபை முறையால் எய்தத்தக்க மிகச் சிறந்த வேகத்தைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக அவ்வாய்வுரை கூறுகின்றது. வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்பவர் 2007ஆம் ஆண்டில் 382 கிலோமீற்றர் இடைவெளியில் நிறுவிய இணைப்பிலும் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு 3 மெகாபிற்று அளவில் செய்தி சென்றது. தரவிதியை வகுத்தோரும் இதே திசையில் நடந்தனர் என்பது கருதத்தக்கது. பல பொதிகளுக்கு ஒரே பதில் அனுப்பும் முறை 2005ஆம் ஆண்டில் வைபைத் தரவிதியிற் சேர்க்கப்பட்டது. பொதிகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் முறை 2009ஆம் ஆண்டில் வந்த 802.11என் என்னும் விதியில் இடம்பெற்றது. இன்று நம் கையிலுள்ள தொலைபேசிகளும் அவ்வழியிலேயே செய்தி அனுப்புகின்றன.

அளவறிந்து சேர்த்தல்

சேர்த்து அனுப்புவது நன்று எனில், மேன்மேலும் சேர்த்தால் மேன்மேலும் நன்மை விளையும் என்று கருதுதல் தவறு. நேரத்துண்டை நீட்டினாற் காத்திருத்தலால் வரும் வீண் குறையும். ஆயின் தன் முறை முடிந்த மறுகணத்தில் வந்த பொதி, மறுமுனையின் முறை முழுவதும் நின்றே ஆகவேண்டும். இடையிற் பல கோபுரங்கள் இருந்தால் இத்தாமதம் ஒவ்வோரிடத்தும் கூடும். பெரிய கோப்பொன்றை அனுப்புவார்க்கு இதனாற் கேடில்லை. மருத்துவரும் நோயாளியும் உரையாடும்போதோ, கேள்விக்கும் விடைக்கும் இடையே நெடுநேரம் மௌனம் நிலவினால் உரையாடலே குலைந்துவிடும். பேச்சு ஒருபுறமிருந்து மறுபுறம் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எனவே துண்டின் அளவு பயனை நோக்கியே தெரிவுசெய்யப்படல் வேண்டும்.

இதனை மறந்ததால் வந்த தீங்கை உலகம் முழுவதும் கண்டது. நினைவகம் மலிந்தமையால் வலையமைப்புக் கருவிகளிலும் செலுத்திகளிலும் நீண்ட வரிசைகள் அமைக்கப்பட்டன. பொதி தொலையாமற் காப்பதே அதன் நோக்கம். விளைந்ததோ வரிசையின் வாலில் நின்ற பொதிகள் விநாடிக்கணக்கிற் காத்துக் கிடந்தமை. ஜிம் கெற்றிஸ் என்னும் அறிஞர் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இந்நோயை எடுத்துக்காட்டினார். 2012ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 3.3 பதிப்பில், செலுத்தி தன் வரிசையில் எத்தனை பைற்றுக்களை வைத்திருக்கலாம் என்பதற்கு நிலைமைக்கேற்ப எல்லை வகுக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்னும் முதுமொழி செலுத்திக்கும் உரியதே.

நமக்குரிய பாடம்

ஒழுங்கு திருந்திய அளவில் எல்லாத் துன்பமும் ஒழிந்தது என்று கூறுதல் மிகையாகும். அதே குழுவினர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வுரையில், கருவிகள் பழுதுற்றமைக்குச் சீரற்ற மின்வழங்கலே தலையாய காரணம் என்று கண்டுரைத்தனர். உள்ளூரிலே பழுதுபார்க்கத் தெரிந்தவர் இல்லாவிடின் மிகச் சிறந்த செலுத்தியும் பயன்படாது. எனினும் அரவிந்த் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இன்று நூற்றைக் கடந்துள்ளன. அவ்வளர்ச்சியின் தொடக்க நாட்களில் இம்மலிவான இணைப்பு ஆற்றிய தொண்டு சிறிதன்று.

ருவான்வெல்லை முதலாகச் சப்பிரகமுவையின் மலைச்சாரல்களில் வாழும் தோட்ட மக்களின் நிலையை எண்ணிப் பார்க்கும்போது இவ்வரலாறு நமக்கு அயலானதாகத் தோன்றவில்லை. நகரத்து மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் நாளில் இங்குள்ள இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியும் தம் நாட் சம்பளத்தை இழக்கின்றார். மலையும் காடும் இடைநிற்பதால் இணைப்புக் கிடைக்காத இலயன்கள் இன்றும் உண்டு. இவற்றுக்குப் பரிகாரம் எங்கோ செய்யப்படும் விலையுயர்ந்த கருவி மட்டுமே என்று நம் மாணவர் கருதியிருத்தல் ஆகாது.

ஒவ்வொரு கருவியினுள்ளும் அதனை ஆக்கியோரின் ஊரும் வாழ்வும் பற்றிய எண்ணங்கள் விதிகளாகப் பதிந்துள்ளன. ஓர் அறைக்குள் எல்லோரும் இருப்பர் என்று எண்ணியவர் வகுத்த விதி, நம் மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் தானாகப் பொருந்திவிடாது. அவ்விதியைப் படித்தறிந்து, எங்கே பொருந்தவில்லை என்று அளந்து கண்டு, துணிந்து திருத்துதற்கு வேண்டுவன உயர்நிலை வகுப்பிற் கற்கும் பெருக்கலும் வகுத்தலும், ஒளியின் வேகம் பற்றிய அறிவும், பொறுமையுமே. மேலே நாம் செய்த கணக்கு ஒவ்வொன்றும் அவ்வளவினதே அன்றோ? லினக்ஸ் போன்ற முறைமைகளின் செலுத்திகள் இன்று யாவரும் எடுத்துப் படிக்கும் வண்ணம் திறந்து கிடக்கின்றன. நம் கல்லூரி மாணவருட் சிலரேனும் அவற்றைத் திறந்து நோக்கி, பயன்படுத்துவோராய் மட்டும் நில்லாது திருத்துவோராகவும் வளர்வாராயின், அதன் பயன் அவர்க்கும் அவர் பிறந்த ஊருக்கும் உரியதாகும்.